மஞ்சள் துணியைத் தூக்கியவள்

அருள்புரம்
18 ஆகஸ்ட் 2024

டாக்டர் கோமளா அம்மாவுக்கு,

நீங்கள் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். தலை வலித்தால் உடனே நிறுத்தச் சொன்னீர்கள். இப்போது வலிக்கவில்லை.

என் பெயர் அனுசுயா. பத்தாம் வகுப்பு. பல்லடம் முகாமில் நீங்கள் கடைசியாகப் பார்த்த பெண். கபடியில் விழுந்தவள். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு கூட வந்தது என் அம்மா ராமாயி.

பாடப் புத்தகம், நூலகப் புத்தகம் எல்லாவற்றையும் அம்மா எடுத்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார். வைக்காவிட்டாலும் பயனில்லை. மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துபோகிறது. பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடினால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக்கொள்கிறேன். இதற்கு முன் அந்தச் சத்தத்தில்தான் படித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஸ்கேனில் ஒன்றுமே இல்லை என்றார்கள். அப்படியென்றால் நான் நடிக்கிறேனா? எங்கள் விளையாட்டு ஆசிரியர் பூபாலன் சார் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறாராம்.

வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

அனுசுயா


கோயம்புத்தூர்
24 ஆகஸ்ட் 2024

அனுசுயா கண்ணு,

நீ நடிக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியை நீ நாளைக்குப் படித்தாலும் போதும்.

ஸ்கேன், எலும்பு உடைந்ததைக் காட்டும், ரத்தம் கசிந்ததைக் காட்டும். மூளை குலுங்கியதைக் காட்டாது. உங்கள் பக்கத்து வீட்டு மிஷினுக்குக் கரண்ட் விட்டு விட்டு வந்தால் என்ன ஆகும்? மிஷினைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நட்டுகூடக் கழன்றிருக்காது. ஆனால் அன்றைக்குத் தைத்த பனியன் முழுக்கத் தையல் விட்டிருக்கும். உன் தலை இப்போது அப்படி ஓடுகிறது. சரியாகும். அவசரப்பட்டால் தாமதமாகும்.

என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லோரையும் கைப்பட எழுதச் சொல்கிறேன். போனில் கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கறேனுங்க" என்பார்கள். கையெழுத்துக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. உன் கடிதத்தில் பாதிக்கு மேல் வரிகள் கீழே இறங்குகின்றன. அது தலையினால். ஆனால் பூபாலன் என்ற பெயரை மட்டும் தாளின் பின்பக்கம் புடைக்கும்படி அழுத்தி எழுதியிருக்கிறாய். அது தலையினால் அல்ல. அடுத்த கடிதத்தில் அதைச் சொல்.

கோமளா


அருள்புரம்
29 செப்டம்பர் 2024

டாக்டர் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவையாக எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் வலி வருவதற்கு முன்பே எழுந்துவிட்டேன், நீங்கள் சொன்னபடி.

அன்று மண்டலப் போட்டி அரையிறுதி. நான் ரெய்டு போனேன். திரும்பிக் கோட்டைத் தொடப் பாய்ந்தபோது எதிரணிப் பெண்ணின் முழங்கால் என் காதுக்கு மேலே இடித்தது. அப்புறம் வாயில் மண்தான் தெரிந்தது. சார் ஓடிவந்து சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். எங்கள் மைதானத்தில் இதுதான் வைத்தியம். சோடா அடித்ததும் எழுந்துவிட்டால் ஆட்டக்காரி, எழாவிட்டால்தான் நோயாளி. நான் எழுந்துவிட்டேன்.

"அவ்வளவுதான் புள்ள, ஒண்ணுமில்ல. போய் ஒருத்தியத் தொட்டுட்டு வா" என்றார்.

போனேன். எதிரே நின்றவர்கள் ஒவ்வொருத்தியும் இரண்டு பேராகத் தெரிந்தார்கள். எந்த ஒருத்தியைத் தொடுவது? மறுபடி தலை மண்ணில் பட விழுந்தேன், வாந்தி எடுத்தேன். நடுவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். சார் குரலைத் தாழ்த்தி, "வயித்து வலிங்க. பொம்பளப் புள்ளைங்க சமாச்சாரம்" என்றார். நடுவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் எந்த ஆணும் கேட்க மாட்டார் என்று சாருக்குத் தெரியும். பிறகு எங்கள் அணியைப் பார்த்து, "ஆரு கேட்டாலும் வயித்து வலின்னே சொல்லோணும்" என்றார். அவர் மகள் ஜோதிகாவும் அங்கே நின்றாள். அவள்தான் எங்கள் சிறந்த ரெய்டர்.

தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே வெளியேற்ற வேண்டும் என்று ஜூன் மாதம் எல்லாப் பள்ளிகளிடமும் நீங்கள் கையெழுத்து வாங்கினீர்களாம். அது எங்கள் அறிவிப்புப் பலகையிலேயே தொங்குகிறது. அவர்மேல் நீங்கள் புகார் எழுத வேண்டும். அவர் இனி மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

நானே எழுதலாம் என்றால் அம்மா விடவில்லை. எங்கள் பள்ளித் தாளாளர்தான் அம்மா செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியின் முதலாளி. "நீ அங்கிட்டுப் போய் வாயத் தொற, இங்கிட்டு எனக்குச் சோலி போயிரும்" என்கிறார். நீங்கள் எழுதினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

காலாண்டுத் தேர்வு எழுதவில்லை. எப்போதும் நான்தான் முதல். இந்தத் தடவை முதல் வந்தவள் எனக்கு ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்தாள்.

அனுசுயா


கோயம்புத்தூர்
10 அக்டோபர் 2024

அனுசுயா கண்ணு,

புகார் எழுத மாட்டேன்.

பிள்ளைகள் என்னிடம் சொல்வது என் அறையைத் தாண்டாது என்று பள்ளிகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை நம்பித்தான் முகாமுக்கு அனுப்புகிறார்கள். உனக்காக ஒரு தடவை மீறினால் அடுத்த மாதம் ஒரு பிள்ளையும் வராது. சோடா அடித்து அப்படியே ஆட விடுவார்கள்.

நீ கோபப்படுவாய். பரவாயில்லை. எனக்கும் கோபம் இருக்கிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

நானும் உங்கள் பக்கத்துச் சேவூர்க்காரிதான். மூளை அறுவை சிகிச்சைப் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம் சரவணக்குமார் என்று ஒரு பையன் வந்தான். நெற்றியில் கிரிக்கெட் பந்து. ஸ்கேன் சுத்தம். ஆனால் நான் பேசப் பேச அவன் கண் என் முகத்தில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பேராசிரியரிடம் சொன்னேன். "படத்துல இல்லாதது உனக்கு மட்டும் எப்படிம்மா தெரியுது? அனுப்பு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அனுப்பினோம். அந்த வாரமே அவன் விளையாடப் போய் மறுபடி தலையில் வாங்கிக்கொண்டு வந்தான். இந்த முறை ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. அவனை உயிரோடு திருப்பி அனுப்ப முடியவில்லை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். உடன் படித்தவர்கள் எனக்கு "அடிபடாத தலைக்கு டாக்டர்" என்று பட்டம் வைத்தார்கள். பள்ளி பள்ளியாகப் போனேன். கபடி, சைக்கிள், விடுதிக் கட்டில், மொபெட்டின் பின் சீட்டு என்று எங்கெல்லாம் பிள்ளைகள் விழுகிறார்கள், எத்தனை நாளில் படிக்கத் திரும்புகிறார்கள், சீக்கிரம் ஆடப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதியை அந்தப் பேராசிரியர் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். ஓய்வு பெற்றுவிட்டார். கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. மத்தியானம் தூங்கு.

கோமளா


அருள்புரம்
6 ஜூலை 2025

டாக்டர் அம்மாவுக்கு,

நீண்ட நாள் எழுதாததற்குக் காரணம் தலை அல்ல. உங்கள்மேல் கோபம். இப்போது பாதி தீர்ந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் தேறிவிட்டேன். பள்ளியில் ஏழாவது இடம். பூபாலன் சார் வராந்தாவில் நிறுத்தி, "பாத்தியா புள்ள, மண்டையில அடிபட்டவ இத்தன மார்க் வாங்குவாளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். என் மார்க்கையே எனக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்.

இப்போது ஒரே மூச்சில் ஒரு முழு அத்தியாயம் படிக்க முடிகிறது. முதலில் படித்தது உங்கள் ஆய்வைப் பற்றி வந்த கட்டுரையை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். நடுவில் ஓர் அட்டவணை இருந்தது. அதில் நானும் ஓர் எண்ணாக இருப்பேனோ என்று தேடினேன். பேராசிரியருக்கு நீங்கள் தபால் அனுப்புவதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அது பழிவாங்குவதுதானே அம்மா? எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த வருஷம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு மாணவர்களை எதிரெதிர் மூலைகளில் உட்கார வைத்து, யாருக்காவது தலையில் அடிபட்டால் மஞ்சள் துணியைத் தூக்கச் சொல்லப்போகிறீர்களாம். அதில் நானும் உட்கார வேண்டும். விழுந்தவளுக்கு விழுவது தெரியும். துணிக்குக் கவலை வேண்டாம். அம்மாவின் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மஞ்சளிலேயே நிறைய கிடக்கிறது.

அனுசுயா


கோயம்புத்தூர்
13 ஜூலை 2025

அனுசுயா கண்ணு,

ஏழாவது இடத்துக்குச் சந்தோஷப்படு. உன்னைப் போன்ற நிலையில் வந்தவர்களில் அந்த வருஷமே தேர்வு எழுதியவர்கள் குறைவு.

சரி, உட்கார். பயிற்சிக்கு வந்துவிடு. ஒரு விதியை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கையெழுத்து வாங்கிய கூட்டத்தில் விளையாட்டு ஆசிரியர்கள், "வேணும்னே எவனாவது அடிபட்டுச்சுன்னு சொல்லி எங்க டீமைத் தோக்கடிச்சா?" என்று சண்டைக்கு வந்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகக் கேட்டவர் உங்கள் பூபாலன்தான். அதனால், ஒரு பிள்ளையின் தலையைப் பற்றிப் பொய் சொல்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு வருஷம் மைதானத்துக்கு வெளியே என்று எழுதிச் சேர்த்தேன். பட்டதைப் படவில்லை என்றாலும் சரி, படாததைப் பட்டது என்றாலும் சரி. அவர்கள் இரண்டாவது பாதியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

நீ தூக்கும் ஒவ்வொரு துணியும் என் ஆய்வில் ஏறும். ஞாபகம் வைத்துக்கொள்.

கோமளா


அருள்புரம்
14 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நேற்று நடந்த மண்டல இறுதிப் போட்டியில் எங்கள் பள்ளி ஆட்டக்காரி ஜோதிகாவுக்குத் தலையில் அடிபட்டது. இரண்டாம் பாதியில் ரெய்டு முடிந்து திரும்புகையில் கீழே விழுந்தபோது தலையின் வலப்பக்கம் தரையில் மோதியது. நான் மஞ்சள் துணியை உயர்த்தினேன். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அவளை வெளியேற்றினார். எதிர் மூலையில் இருந்த மாணவருக்கு அது மறைவான கோணம். எங்கள் பள்ளி ஒரு புள்ளியில் தோற்றது. தங்கள் ஆய்வுக்காக இதைத் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
அனுசுயா


கோயம்புத்தூர்
19 செப்டம்பர் 2025

அனுசுயா,

திங்கட்கிழமை ஜோதிகாவை அவள் அப்பா பூபாலன் அழைத்து வந்தார். கண், நடை, நினைவு எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு அது மட்டும் போதாது, ஒன்றும் தெரியாத தலைகளைப் பார்ப்பதுதானே என் தொழில். ஆனால் அவர் ஒரு வீடியோவும் கொண்டு வந்தார், யாரோ ஒரு பெற்றோர் எடுத்தது. அவள் தோளில் விழுகிறாள். தலை தரைக்கு மேலே நிற்பது தெளிவாகத் தெரிகிறது. உன் மூலைக்கு முன்னாலேயே விழுகிறாள், உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இன்னொன்று. உன் கடிதம் மிக அழகான கையெழுத்தில் இருக்கிறது. ஓர் அடித்தல்கூட இல்லை. வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் படியெடுத்திருக்கிறாய். கண்ணால் பார்த்ததை அப்படி யாரும் எழுத மாட்டார்கள்.

உண்மையை எழுது.

கோமளா


அருள்புரம்
25 செப்டம்பர் 2025

டாக்டர் அம்மாவுக்கு,

ஆமாம். அவளுக்கு அடிபடவில்லை. தெரிந்துதான் தூக்கினேன்.

நீங்கள் வருத்தத்தை எதிர்பார்ப்பீர்கள். அன்று எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். துணியைத் தூக்கியதும் நடுவர் விசில் அடித்தார். ஜோதிகா, "எனக்கு ஒண்ணும் ஆகலீங்க, ஒண்ணுமே ஆகலீங்க" என்று ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. வலிக்கிறது என்று நான் சொன்னபோதும் அப்படித்தான் இருந்தது. பூபாலன் சார் என் முன்னால் வந்து குனிந்து, "கண்ணு, நல்லாப் பாத்தியா? இன்னொருக்கா யோசிச்சுச் சொல்லு சாமி" என்றார். அவர் வாயில் எனக்குக் கண்ணு என்ற பேர் அன்றுதான் முதல் தடவை. நல்லாப் பார்த்தேன் சார் என்றேன். அவர் முகம் வெளுத்ததையும் நல்லாவே பார்த்தேன்.

உங்களால் புகார் எழுத முடியவில்லை, அம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை. என் கையில் ஒரு துண்டுத் துணிதான் இருந்தது. நீங்கள் வருஷா வருஷம் தபாலில் செய்வதை நான் ஒரு தடவை செய்தேன். அவ்வளவுதான்.

அனுசுயா


கோயம்புத்தூர்
1 அக்டோபர் 2025

அனுசுயா,

பேராசிரியருக்கு நான் அனுப்பியவற்றில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. பொய்யாக ஒன்றே ஒன்று இருந்திருந்தால் போதும், அதை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். அவரால் பதில் எழுத முடியாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம். நீயும் நானும் ஒரே காரியம் செய்தோம் என்று இனி எழுதாதே.

நீ செய்தது என்ன என்று சொல்கிறேன். பூபாலனும் மற்றவர்களும் மஞ்சள் துணியையே எடுத்துவிட வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். 12ஆம் தேதி பல்லடத்தில் கூட்டம். துணி போனால் நான் இத்தனை வருஷம் அலைந்தது போகும். நான் போகட்டும். அடுத்து விழுகிற பிள்ளைக்குச் சோடாதான்.

அன்று நான் சென்னையில் ஆய்வுரை வாசிக்க வேண்டும். மண்டல விளையாட்டுச் செயலாளர் சென்னியப்பனுக்கு ஓர் உறை அனுப்பிவிட்டேன். நீ பொய் சொன்னாய் என்று அதில் எழுதியிருக்கிறது; நான் கொடுத்த வாக்கு அடிபட்ட பிள்ளைகளுக்கு, துணி தூக்குகிறவர்களுக்கு அல்ல. நீயே போய்ச் சொன்னால் அவர் அதைப் பிரிக்க மாட்டார். போகாவிட்டால் படிப்பார்.

ஜோதிகா என் அறையில் அழுதாள். அவள் உனக்கு என்ன செய்தாள்?

கோமளா


அருள்புரம்
16 அக்டோபர் 2025

டாக்டர் அம்மாவுக்கு,

போனேன். அடித்தல் இல்லாமல் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

நான் உள்ளே போகும்போது பூபாலன் சார் பேசிக்கொண்டிருந்தார். "இன்னைக்குத் துணியத் தூக்குதுங்க. நாளைக்கு ஆம்புலன்ஸை நடுக் கோட்டுலயே நிறுத்திப்போட்டு ஆடச் சொல்லுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் ஐயா என்னைப் பார்த்து, "வா சாமி, என்ன சொல்லோணும்?" என்றார்.

ஜோதிகாவுக்கு அடிபடவில்லை, நான் பொய்யாகத் துணியைத் தூக்கினேன் என்றேன். விதிப்படி எனக்கு ஒரு வருஷம் தடை போடுங்கள் என்று நானே கேட்டேன். சார்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். "பாருங்க, அந்தப் புள்ளையே ஒத்துக்கிச்சு" என்றார் பூபாலன் சார். "விதின்னா விதிதானுங்க. போட்டுருங்க." ஐயா என் பெயரை எழுதி, விதியை வாய்விட்டுப் படித்தார். முழுவதையும் படித்தார். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"ஐயா, அதே விதியில இன்னொருத்தர் பேரும் இருக்குதுங்க" என்றேன். போன வருஷம் எனக்கு என்ன ஆயிற்று என்று சொன்னேன். பூபாலன் சார் எழுந்து, "பொய் சொல்லித்தான இப்ப மாட்டுச்சு, மறுக்கா பொய்யா?" என்றார். அது நியாயமான கேள்வி என்று எல்லோர் முகத்திலும் தெரிந்தது. அப்பாவுக்குச் சாட்சியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜோதிகாவைக் காட்டினேன். "என்னை நம்ப வேண்டாமுங்க. அவளைக் கேளுங்க. அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டா."

அவள் எழுந்தாள். "இவ பண்ணுனதுக்கு இவளை நான் சென்மத்துக்கும் விட மாட்டேனுங்க" என்றாள் முதலில். அப்புறம், "ஆனா போன வருசம் இவளுக்கு மண்டையிலதானுங்க அடிபட்டுச்சு. வயித்து வலின்னு சொல்லச் சொன்னது அப்பாதான்."

"ஜோதி, உக்காரு நீ."

"உக்கார மாட்டேம்பா. அன்னைக்கு நான் சொன்னத ஒருத்தருங் கேக்கல. இன்னைக்குக் கேக்கறாங்க."

இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு வருஷம் அவருக்கும் எனக்கும். துணியை எடுக்கச் சொன்ன மனுவைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. உங்கள் உறை பிரிக்கப்படாமல் மேசைமேலேயே இருந்தது.

தாளாளர் வேலையை விட்டு அனுப்பும் முன் அம்மாவே மறுநாள் கணக்கை முடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். "திருப்பூர்ல கம்பெனிக்கா பஞ்சம்?" என்கிறார். ஆனால் அதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்கிறார். என்னிடம் பேசுவதில்லை.

அனுசுயா


கோயம்புத்தூர்
22 அக்டோபர் 2025

அனுசுயா,

ஆய்விலிருந்து அந்த இறுதிப் போட்டியை நீக்கிவிட்டேன். போன வருஷம் உங்கள் அரையிறுதிக்கு நேரே பள்ளி கொடுத்த குறிப்பு "வயிற்று வலி" என்றிருந்தது. அதைத் திருத்தித் தலைக் காயம் என்று சேர்த்துவிட்டேன். இனி நீ அட்டவணையில் தேடினால் இருப்பாய்.

சென்னியப்பன் போனில், "அந்தப் புள்ள மனசு திருந்தி வந்துச்சுங்க" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். நான் நம்பவில்லை. உன் கடிதத்தைப் படித்திருக்கிறேனே. நீ மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. பூபாலனை இழுத்துக்கொண்டு விழப் போனாய். ஒரு மகளை அவள் அப்பாவுக்கு எதிரே நிறுத்தியும் விட்டாய்.

இதை நான் கண்டிக்க வேண்டும். இரண்டு நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன், வர மாட்டேன் என்கிறது. சென்னையில் வாசித்த உரையின் பிரதியை வழக்கம்போல அந்த முகவரிக்கு அனுப்பிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

தலை எப்படி இருக்கிறது? அதை எழுதவே மறந்துவிட்டாய்.

கோமளா


அருள்புரம்
7 டிசம்பர் 2025

டாக்டர் அம்மாவுக்கு,

தலை நன்றாக இருக்கிறது. வெயிலில் நின்றால் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. நேற்று நின்றேன்.

எங்கள் மைதானத்தில் ஆட்டம். நான் உள்ளே போகக் கூடாது என்பதால் சாலையோரம் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பூபாலன் சாரும் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கும் அந்த இடம்தான். வேறு எங்கிருந்து பார்த்தாலும் மரம் மறைக்கும். உள்ளே ஜோதிகா ரெய்டு போனாள். எங்கள் இருவர் பக்கமும் அவள் திரும்பவே இல்லை. ஒருமுறை சார் அவள் பெயரைச் சொல்லிக் கத்தப் போய், நிறுத்திக்கொண்டார்.

அவள் உனக்கு என்ன செய்தாள் என்று நீங்கள் கேட்டதிலிருந்து அவளிடம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பேசவில்லை. என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தால் எல்லாமே அடித்தலாக வருகிறது.

ஆட்டம் பாதி முடிந்திருக்கும். சார் வேலியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "தலவலி இப்ப எப்படிப் புள்ள இருக்குது?" என்றார்.

இத்தனை நாளில் என் தலை எப்படி இருக்கிறது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இந்தக் கேள்விக்காகப் படுக்கையில் கிடந்த நாட்களிலேயே எத்தனையோ பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அத்தனையும் ஞாபகம் இருந்தது. ஒரு சொல்கூட மறக்கவில்லை.

நான் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்து அவர் மறுபடியும் கேட்டார், முதல் தடவையைவிட மெதுவாக. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அனுசுயா